கிணறு குடிக்க மறுத்த மாலை

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்மணிகளே. பூமியின் வாயைப் பொத்தப் போராடிய ஒருவனின் கதையைச் சொல்கிறேன். பாதியில் எழுந்து போகாதீர்கள். அவனாலும் போக முடியவில்லை.

ஜாவாவில், புளோராப் பக்கத்துத் தேக்குக் காட்டில் எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ரிக் என்கிற துளையிடும் எந்திரத்தை ஓட்டுகிறவன் தார்சோனோ. ரிக் கோபுரத்தின் உச்சிப் பலகையில் இடுப்புப் பட்டையோடு நின்று, மேலே வரும் குழாய்களைச் சாய்த்து அடுக்குகிறவன் கஸ்மூரி, தார்சோனோவின் மைத்துனன். "என் தம்பியை அவ்வளவு உயரத்துல ஏத்தாதீங்க" என்று மனைவி துமினா அழுதபோது, "நான் கீழதானே நிக்கிறேன்" என்று சொல்லிக் கூட்டி வந்தவன் தார்சோனோதான்.

நோன்பு மாதம். துளைமுனை தேய்ந்து போனதால் குழாய்களையெல்லாம் வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். சூரியன் மறைந்ததும் ஒலிக்கும் மக்ரிப் பாங்குக்கு முன்னால் முடித்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து நோன்பு திறக்கலாம். அந்த ஆசையில் தார்சோனோ விறுவிறுவென்று இழுத்தான். பிசகு அங்கேதான். கிணறு நிறைய நிற்கிற கனத்த சேற்றின் பாரம்தான் அடியில் இருக்கும் வாயுவை அமுக்கி வைக்கிறது. குழாயை வேகமாக உருவினால், ஊசி மருந்தை உறிஞ்சுவது போல அது வாயுவையும் மேலே இழுத்துவிடும். வெளியே வரும் ஒவ்வொரு குழாய்க்கும் ஈடாகக் கிணற்றுக்குள் சேறு ஊற்ற வேண்டும். கிணறு அதை வாங்கிக்கொள்ளவில்லை என்றால், அந்த இடத்தில் வேறு ஏதோ குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த ஊரில் அண்ணனைக் 'காங்' என்றுதான் கூப்பிடுவார்கள். சேற்றுத் தொட்டியருகே நின்ற சார்பின் கத்தினான். "காங், கிணறு சரியா குடிக்க மாட்டேங்குது!"

"அதுவும் நோன்பு வச்சிருக்கும்டா!" என்றான் தார்சோனோ.

மேடையே சிரித்தது. உச்சியிலிருந்து கஸ்மூரியும் சேர்ந்துகொண்டான். "கிணறாவது வைக்குது. காலையில கொட்டகைக்குப் பின்னால பீடிப் புகை வந்துச்சே, அது யாரு சார்பின்?"

சார்பின் முகம் சுண்டிப் போனது. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. கிணறு அடுத்த குழாய்க்கும் குடிக்கவில்லை. அதற்கடுத்த குழாய்க்கும் குடிக்கவில்லை.

திடீரென்று குழாயின் வாயிலிருந்து சேறு கொப்பளித்தது. அடுத்த மூச்சில் தூணாக எழும்பி உச்சிப் பலகையை அறைந்தது. மேலே இருந்தவன் தெரியவில்லை. சேற்றோடு வாயுவின் நாற்றமும் வந்தது.

"எஞ்சினை நிறுத்து! ஒரு பொறி பட்டா எல்லாரும் சாம்பல்!" தார்சோனோவுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. "கஸ்மூரி, எறங்கு! எறங்குடா!"

மேலிருந்து சேறுதான் கொட்டியது.

எஞ்சின் நின்றபின் பாரம் தூக்கக் கைகள்தான் மிச்சம். தார்சோனோவும் இன்னும் இரண்டு பேரும், குழாயின் வாயில் திருகி அடைக்கிற இரும்பு வால்வைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். பீறிடும் சேறு அவர்களையும் வால்வையும் சேர்த்து எறிந்தது. மறுபடி தூக்கினார்கள்; மரை பிடிக்காமல் வழுக்கியது.

"யா அல்லாஹ், முடியல காங்! ஓடிடலாம்!" என்று கூடத் தூக்கியவன் ஒருவன் அலறினான்.

"அவன் மேல இருக்கான்டா!"

கண், மூக்கு, வாய் எல்லாம் சேறு. தார்சோனோ வால்வின்மேல் நெஞ்சைச் சாய்த்து அழுத்தினான். விலா எலும்பு நெரிந்தது. மரை கவ்வியது. "திருகு! திருகு!" வால்வு மூடியதும் தூண் அறுந்து விழுந்தது. அதன் பிறகுதான், குழாயைச் சுற்றிக் கிணற்றின் வாயை இறுக்குகிற பெரிய அடைப்பானின் பிடியை இழுத்தான்.

சத்தம் அடங்கியது. ஆனால் கிணற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் ஏறிக்கொண்டே போனது. எல்லை தாண்டினால் கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணே பிளந்து வாயுவைக் கக்கும்.

"சார்பின், முள்ளைப் பாத்துக்க. அசைஞ்சா கத்து. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்."

சேறு வழியும் ஏணியில் தார்சோனோ ஏறினான். கால் வழுக்கும்போதெல்லாம் துமினாவின் முகம் வந்தது. அவளிடம் என்ன சொல்வான்? எந்த வாயால் சொல்வான்?

கஸ்மூரி இடுப்புப் பட்டையில் துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தான். தார்சோனோ அவன் வாய்க்குள் விரலை விட்டுச் சேற்றை வழித்தான். மறுபடி வழித்தான். முதுகில் அறைந்தான். "மூச்சு விடுடா! உங்கக்கா என்னைக் கேப்பாடா!"

மறுபடியும் அறைந்தான். பிறகு ஓர் இருமல். கஸ்மூரி கருப்பாகக் கக்கினான்.

கீழே சார்பினின் குரல். "நின்னுருச்சு காங்! முள் நின்னுருச்சு!"

கஸ்மூரி தார்சோனோவின் சட்டையைப் பற்றினான். "காங்... அக்காகிட்ட சொல்லிடாத."

"சொல்லுவேன்டா. சார்பின் சொன்னதையும், நாம சிரிச்சதையும் சேர்த்துதான் சொல்லுவேன்." தார்சோனோ அவனைக் கயிற்றில் கட்டி இறக்கினான். கிணறு இன்னும் அடங்கவில்லை. இன்னும் கனத்த சேற்றைக் கரைத்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. கீழே இறங்கியதும், மறுபடி சேற்றுத் தொட்டிக்கு வந்திருந்த சார்பினின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

கண்மணிகளே, உங்கள் வீட்டுத் தீ அடுப்புக்குள்ளேயே அடங்கி எரியட்டும். உயரத்தில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகள் தங்கள் காலாலேயே இறங்கி வாசலுக்கு வரட்டும். வீட்டில் ஒருவர் பயந்து சொல்லும் சொல் மற்றவர் காதில் ஏறட்டும்.