ஆளுக்கொரு நாற்காலி

ஒரு கணினியின் இயங்குதளத்தை, மனிதர்கள் வரிவரியாக எழுதிவைத்த மூலநிரலிலிருந்தே கட்டத் தொடங்கினால், அதை எழுதியவர்கள் அந்தக் கணினி இருக்கும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஆயத்தமாகக் கிடைப்பதை நிறுவினால் ஒருவரும் வரமாட்டார்கள். கணினி பழுதுபார்க்கும் தங்கைக்கு இது பழகிப்போயிருந்தது. முன்பின் தெரியாத ஊருக்கெல்லாம் இலவசமாக எழுதிக் கொடுத்த மனிதர்கள். கதவைத் தட்டமாட்டார்கள், ஆனால் காலைத் துடைத்துக்கொண்டுதான் நுழைவார்கள். அவள் தேநீர் போட்டுக் கொடுத்து, இப்படிப்பட்டவர்களைப் படைத்த கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவாள்.

அந்த முறை அவள் கட்டியது அண்ணன் வீட்டில், அண்ணிக்காக. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அண்ணிக்குக் குரல் இல்லை. பேனா பிடிக்க விரலும் ஒத்துழைக்காது. ஒற்றைப் பொத்தானைத் தட்டி எழுத்துகளைப் பொறுக்கினால் பழைய மடிக்கணினி அவளுக்காகப் பேசும். ஒரு புதுப்பிப்பில் அது படுத்துவிட்டது. வாய் ஓயாத அண்ணி மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல நிரல்கள் ஒரே துணைநிரலைப் பகிர்ந்துகொண்டால் இடம் மிச்சம் என்பது தொழில் வழக்கம். அந்த வீட்டில் அது ஒற்றை நாற்காலியாக வந்து நின்றது. குரலுக்கான நிரலை எழுதிய பெரியவருக்கு அது உயரம்; பொத்தானுக்கானதை எழுதிய பெண்ணுக்குக் குட்டை. நாற்காலியின் காலை அறுத்தால் அந்தப் பெண் எழுந்துவிடுவாள், கட்டை வைத்தால் பெரியவர். யார் எழுந்தாலும் அவர் எழுதிய நிரல் நின்றுவிடும். இப்படியே மாதங்கள் போயின.

"ஏம்மா, ஆளுக்கொரு நாற்காலி போட்டா என்ன?" என்றார் அண்ணன்.

"அப்புறம் வீட்ல நடக்க எடம் இருக்காதுண்ணே."

"ஒதுங்கி நடந்துக்கலாம். அவ பேச்சு இல்லாம இங்க நெறைய எடம் சும்மாதான கெடக்கு."

தங்கை ஒவ்வொரு நிரலையும் அதற்கு வேண்டிய துணைநிரலோடு தனித்தனிப் பொதியாகக் கட்டினாள், ஒன்று மற்றொன்றைத் தொடாதபடி. அக்கம்பக்கத்தார் கேட்காமலே நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். சமையலறை வரை நிறைந்துவிட்டது. வந்தவர்கள் அவரவர் உயரத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அண்ணி நெடுநேரம் பொத்தானைத் தட்டினாள். மடிக்கணினி வாய் திறந்தது.

"நாற்காலிய தூக்கி வைக்கத் தெரியாதா ஒங்களுக்கு? தரை பூரா கீறல்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி மீண்டும் தட்டினாள்.

"எல்லாரும் சாப்பிட்டுட்டுதான் போகணும்."

அவர்கள் சாப்பிட்டார்கள், போகவில்லை. அண்ணன் இப்போதும் வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நடக்கிறார். கேட்டால், வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பார்.