முந்நூற்றைம்பது டிகிரி

கீ... கீ... கீ... என்று கூரையிலிருந்த புகை அலாரம் அலறியதும் சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அங்கேயே எறிந்துவிட்டு, பேக்கரிக் கடையின் பின்பக்கச் சமையலறைக்கு ஓடினாள். ஓவன் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் பிரவுனி தெரியவில்லை. புகைதான் தெரிந்தது.

"கதவைத் திறந்துடாதீங்க! மொதல்ல ஸ்விட்சை அணைங்க!" பின்னாலேயே ஓடிவந்த கடை முதலாளியம்மா ஸ்டூலில் ஏறி, துடைப்பக் கட்டையால் அலாரத்தை ஓங்கி அழுத்தினார். சத்தம் நின்றது.

புகை அடங்கித் தட்டை வெளியே எடுத்தபோது, அதில் தார் ரோட்டைப் பெயர்த்து வைத்தாற்போல ஒரு துண்டு கிடந்தது. முதலாளியம்மா கத்தியால் தட்டிப் பார்த்தார். டக், டக்.

"திருடன் வந்தா தலையில போடலாம்" என்றார். சிரிக்கவில்லை.

சின்னவளுக்கு இது வேலைக்கான சோதனை. செல்போன் கடையில் பார்த்த வேலையை நேற்றுதான் விட்டிருந்தாள். சும்மா விட்டாளா? "இனிமே என்னைப் பாக்கணும்னா காசு குடுத்து பிரவுனி வாங்கணும் சார்" என்று மேனேஜரிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். திரும்பப் போய் எந்த முகத்தோடு நிற்பது? அதைவிட, வீட்டில் பெரியவள் முகத்தில் எப்படி விழிப்பது? பெரியவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. மிக்ஸி ஜாடியை உடைத்தது யார் என்று போன மழைக்காலத்தில் மூண்ட சண்டையிலிருந்து இருவருக்கும் பேச்சே கிடையாது. ஒரே சமையலறை, ஒரே சிங்க், உப்பு வேண்டுமென்றால்கூட யாராவது ஒரு புருஷன் நடுவில் வரவேண்டும்.

"மேடம், இன்னும் ஒரு தட்டுக்கு மாவு இருக்கு. இன்னொரு வாட்டி..."

"ஏன் கருகுச்சுன்னே தெரியாம இன்னொரு வாட்டி எப்படிம்மா? நாளைக்கு நான் இல்லாத நேரத்துல கடையையே கொளுத்திட்டா? காரணத்தைச் சொல்லுங்க, தட்டை வைங்க. இல்லன்னா பையை எடுத்துட்டுக் கிளம்புங்க."

"உங்க ஓவன்லதான் ஏதோ கோளாறு மேடம். வீட்டுல ஒரு தடவைகூட எனக்குக் கெட்டதில்ல."

அது பொய்யில்லை. அவள் வீட்டில் சுட்ட பிரவுனியில் மேலே காகிதம்போல் மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே பிசுபிசுவென்று ஈரம். அதைத் தின்று பார்த்துத்தான் முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டே அனுப்பினார்.

"எவ்வளவு சூடு வெச்சீங்க?"

"ரெசிப்பில இருக்கற மாதிரி முந்நூத்தம்பது."

முதலாளியம்மா நெஞ்சில் கை வைத்தார். "முந்நூத்தம்பதா! அடக் கடவுளே, இது பீட்சா சுடற ஓவன். சொன்னா சொன்னபடி முந்நூத்தம்பதுக்குப் போய் நிக்கும்!"

"வீட்டு ஓவன்ல இருநூத்தம்பதோட முடிஞ்சிடும். சரி, அதுக்கு முடிஞ்சது அவ்வளவுதான்னு கடைசி வரைக்கும் திருப்பி விட்டுடுவேன்."

"அந்த ரெசிப்பி எழுதினவங்க பாரன்ஹீட்ல எழுதியிருக்காங்கம்மா. நம்ம ஓவன்ல இருக்கறது செல்சியஸ். நூத்தி எண்பது வெச்சாலே போதும்."

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாள் தலைகீழாகவா செய்துகொண்டிருந்தாள்?

"அப்போ வீட்டுல மட்டும் எப்படி..."

"அதைத்தான் நானும் கேக்கறேன்." முதலாளியம்மாவின் குரல் மாறியது. "இருநூத்தம்பதுலயும் இந்நேரம் கரிக்கட்டைதான் ஆகியிருக்கணும். எனக்குக் குடுத்தது நிஜமா நீங்க செஞ்சதுதானா? இல்ல, எங்கயாவது வாங்கிட்டு வந்ததா?"

வேலை போனால் போகட்டும், திருட்டுப் பட்டமுமா? கணவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"என்னங்க, அந்தப் பிரவுனி நான் செஞ்சதே இல்லன்னு கடை மேடம் சொல்றாங்க. நான் செய்யறப்ப நம்ம ஓவன் எதுல இருக்கும்? பாத்திருக்கீங்களா?"

"என்னைக் கேட்டா? நான் திங்கறதோட சரி." அந்தப் பக்கம் ஏதோ பேச்சுச் சத்தம். பிறகு அவன் குரலே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஏய், இரு... அண்ணி போனைக் கேக்கறாங்க."

"யாரு?"

"அண்ணிதான். உன்கிட்ட பேசணுமாம்."

சின்னவள் போனை மேசைமேல் வைத்தாள்.

"கடைக்காரம்மா காதுல விழட்டும்" என்றது பெரியவளின் குரல், எடுத்த எடுப்பிலேயே. "அவதான் செஞ்சா. கலக்கினது, ஊத்தினது, அடுக்களை பூரா இறைச்சு வெச்சது, எல்லாம் அவ கைதான்."

"அப்புறம் ஏன்க்கா வீட்டுல கருகல?" அக்கா என்ற சொல் அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

போனில் பெரியவளின் குரல் தணிந்தது.

"மொத நாளே தீயற வாடை வந்துச்சு, ஓடிவந்து நூத்தி எண்பதுக்கு இறக்கினேன். அன்னையிலேருந்து நீ திருப்பி வெச்சிட்டு அந்தப் பக்கம் போனதும் இறக்குவேன், மணி அடிக்கறதுக்குள்ள திரும்ப ஏத்தி வெச்சிடுவேன். பேச்சில்லாதவகிட்ட வேற எப்படிடி சொல்றது?"