பத்தால் வகுத்த வலி

“ஏலே செல்வதுரை, ரெண்டு நிமிஷம் நான் செத்துக் கெடந்தேன். மூணாவது நிமிஷம் முழிச்சி, என் செருப்பு எங்கன்னு கேட்டேன்” என்றார் பொன்னுதுரை.

நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுச் செல்வதுரை சிரிப்பை அடக்கிக்கொண்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில், புயலில் ஒரு முழுக் கப்பலையே அலுங்காமல் தூக்கி ஓரமாக வைத்ததாகச் சொல்லும் மனிதரை யார் நம்புவது? பொன்னுதுரையின் மனைவி கிருபை டீச்சர் நாசரேத்துக்காரி, கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். கணவர் எந்த எண்ணைச் சொன்னாலும் பத்தால் வகுத்துவிடுவாள். திரேஸ்புரத்தில் வாங்கியதாக அவர் முழங்கிய பதினெட்டுக் கிலோ சீலா மீன், வீட்டுத் தராசில் ஒன்றே முக்கால் நிற்கும். முப்பத்தாறு வருடத்தில் அந்த வகுத்தல் பிசகியதே இல்லை.

அந்த வகுத்தல்தான் போன மாதம் அவரைக் கொல்லப் பார்த்தது.

காலை பத்து மணிக்கு நெஞ்சுக்கு நடுவில் ஒரு கன்டெய்னர் வந்து உட்கார்ந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். நர்ஸ் ஷீஜா நெஞ்சில் ஒயர்களை ஒட்டியபடி கேட்டாள்.

“வலி பத்துக்கு எத்தனை இருக்கும் ஐயா?”

“பத்து.”

“ஒண்ணுன்னு எழுதிக்கோம்மா” என்றாள் கிருபை.

முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் எடுத்திருக்கிறது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்க்கலாம், அதுவரை இருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளிடம் போனார்.

“ராத்திரி தின்ன பொரிச்ச புரோட்டா. வாயுதான்” என்றாள் கிருபை. “நாங்களாத்தான் போறோம்னு எழுதிக் குடுக்கேன், தாள் தாங்க சிஸ்டர்.”

பொன்னுதுரைக்கு வேர்த்து முதுகு படுக்கையோடு ஒட்டியது. இடது கை அவருடையதாகவே இல்லை. அடுத்த கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். திரைக்கு அடியில் ஒரு கை நீண்டு, கீழே கிடந்த ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து பிளாஸ்டிக் பைக்குள் போட்டது. யாரும் அழவில்லை. பை சரசரத்தது, அவ்வளவுதான். தன் கட்டிலுக்கு அடியிலும் ஒரு ஜோடி கிடப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இவள் கையெழுத்துப் போட்டால் ஆட்டோவிலேயே முடிந்துவிடும். எப்படிச் சொன்னால் நம்புவாள்? நூறு என்றால் பத்தாக்குவாள். சாகிறேன் என்றால் தூங்குகிறார் என்பாள்.

பேனாவை அவள் திறந்துவிட்டாள்.

“ஏளா கிருபை.” குரல் காற்றாகத்தான் வந்தது. “அந்த சீலா... ஒண்ணே முக்கால் கிலோதான்.”

பேனா நின்றது.

“கப்பல நான் தூக்கல. காத்து ஊளையிட்டதும் கிரேன விட்டு எறங்கி ஓடினதுல நான்தான் மொத ஆளு.”

கிருபையின் முகம் வெளிறிப்போனது. சொன்ன பொய்யில் ஒரு கிராமைக்கூட அவர் இதுவரை திருப்பி எடுத்ததில்லை.

“இது பத்துதான். வகுக்காத.”

“சிஸ்டர்” என்று கத்தியபோது அவள் குரல் உடைந்தது. “பத்து. பத்துன்னு எழுதுங்க. டாக்டரக் கூப்பிடுங்க.”

ஷீஜா ஓடி வருவதைப் பார்த்தார். தலைமாட்டு மானிட்டரில் கோடு கன்னாபின்னாவென்று துள்ளியது. அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

தெரியாத இடத்தைத்தான் இன்று ஆசை தீர நிரப்பிக்கொண்டிருந்தார். ஷாக் கொடுத்தபோது மூணாம் மைல் வரை கரண்டு போனதாம். துறைமுகத்தில் நின்ற கப்பலெல்லாம் சங்கு ஊதியதாம்.

செல்வதுரையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. காப்பியோடு வந்த கிருபையைப் பார்த்தார். “டீச்சர், அந்த ரெண்டு நிமிஷத்தக் கொஞ்சம் வகுங்க. பன்னெண்டு செகண்டு தேறுமா?”

கிருபை தம்ளரைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு” என்றாள். “சுவத்துல கடியாரம் இருந்துது. அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.” உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். “செருப்பு என் கையிலதான் இருந்துது.”