ராக்கம்மாள் காலுக்கு முறைப்பாசனம்

மதுரைவீரன் முக்கொம்பு அணையில் முப்பது வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். ஓய்வு பெற்றபின் ஏற்ற இறக்க ஒன்றும் கிடைக்காமல் மனைவி ராக்கம்மாளின் காலில் கைவைத்தார். எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை.

அந்த அம்மாளுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பாதம் வீங்கும். “கடைமடையில தண்ணி தேங்குது. மேல அடைச்சா தானா வடிஞ்சிடும்” என்று தீர்ப்புச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டிவிட்டார். காலையில் இடது கால், மாலையில் வலது கால் என்று முறை வேறு. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் வீட்டிலேயே தொடங்கியிருந்தார்.

ஐந்தாம் நாள், புத்தூரில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 1959 ஆடி மாசம். இடது பாதம் நாவற்பழமாகக் கறுத்திருந்தது. கணுக்காலில் புண். கத்தரிக்கோலை எடுத்தேன்.

“பார்த்து சிஸ்டர், புதுத் துண்டு” என்றார் மதுரைவீரன்.

டாக்டரம்மா பொறுமைசாலி. “இதயத்துலேருந்து ரத்தம் கொண்டுவர்ற குழாய் உள்ளே ஆழமா இருக்கு. திரும்பக் கொண்டுபோற குழாய் மேலாகவும் இருக்கு. நீங்க கட்டினதுல திரும்பிப் போற வழிதான் அடைச்சுது. வர்றது வந்துகிட்டேதானே இருக்கும்?”

“கீழேருந்து மேட்டுக்கு எப்படிங்க ஏறும்?”

“நடக்கிறப்போ கெண்டைச்சதை அமுக்கி மேலே தள்ளும். மறுபடி கீழே இறங்கிடாம குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு தாங்கும். நாள் பூரா அடுப்படியில ஒரே இடத்துல நின்னு நின்னு இவங்களுக்கு அந்தக் கதவெல்லாம் கெட்டுப்போச்சு.”

“கதவு ரிப்பேர்னா கிரீஸ் போடணும்ங்க.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு மாசம் படுத்து, காலை உயரத் தூக்கி வைக்கணும். இல்லேன்னா புண் புரையோடிப் பாதத்தையே எடுக்க வேண்டிவரும்.”

ராக்கம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மதுரைவீரனின் கவலை வேறு.

“ஒரு மாசமா? அப்போ சோறு?”

“நீங்க ஆக்குங்க.”

“உலைக்கு எவ்வளவு தண்ணி வைக்கிறதுன்னே எனக்குத் தெரியாதுங்களே! காலையில நின்னு சமைக்கட்டும், சாயங்காலம் படுக்கட்டும்.”

ராக்கம்மாள் இரண்டு கால்களையும் தானே தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டாள்.

“டாக்டரம்மா, சீட்டுல ரெண்டு மாசம்னு எழுதுங்க.”

நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.