தம்பிக்கு வந்த போன்

உயிரை விடத் துணிந்த தம்பி பிழைத்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. செவ்வாய்தோறும் அங்கிருந்து ஒரு நர்சம்மா போன் செய்து விசாரிப்பார். தம்பியின் எண்ணைக் கேட்டபோது அண்ணன்தான் தன் எண்ணைக் கொடுத்திருந்தான். ஆறுகிற புண்ணைக் கிளறுவானேன் என்பது அவன் நினைப்பு. மூட்டை தூக்கும் குடோனில் ஒரு மூட்டைக்கும் மறு மூட்டைக்கும் நடுவே போனை எடுத்து, "நல்லா இருக்கான்மா" என்று சொல்லி வைத்துவிடுவான். மூன்று வாரம் அப்படியே ஓடிற்று.

நான்காம் வாரம் நர்சம்மா விடவில்லை.

"எப்பவும் நீங்களேதான் பேசுறீங்க அண்ணே. வைத்தியம் அவருக்கா, உங்களுக்கா? சரி, நேத்து அவர் தூங்கினாரா?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் அதை அவன் கேட்டதில்லை.

"பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

"எங்கடா போற? மூட்டை தானா நடந்து வருமா?" என்று மேஸ்திரி கத்தியது முதுகில் விழுந்தது.

தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போன் அடித்ததும் அண்ணன் அதை அவன் கையில் வைத்தான்.

"உனக்குத்தான்டா. வாராவாரம் கூப்பிட்டாங்க. நான்தான் குடுக்கல."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "கூப்பிடுவோம்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. என்னை மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்ணே."

அண்ணன் பொத்தானை அழுத்திப் போனை அவன் காதில் வைத்தான். வாசற்படியில் போய் உட்கார்ந்தான். உள்ளே தம்பி, "இல்லைங்க, தூக்கமே வரல" என்று பேசத் தொடங்கினான். அவன் பேசி முடிக்கும்வரை அண்ணன் எழுந்திருக்கவில்லை.