மதகின் கைப்பிடி

மழை விடவில்லை. தூண்கள்மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் கோழிக்கூண்டைத் தொட்டுவிட்டது. கரும்பு எஸ்டேட்டை மூடியபின் எங்கள் பிழைப்பே அந்தக் குஞ்சுகள்தான்.

எங்கள் ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே. மழைத்தண்ணீர் வடிய, கடல் வற்றும்போது மதகைத் திறந்து, ஏறும்முன் மூட வேண்டும். எஸ்டேட் ஆள் காம்ப்டன் அதைச் செய்துவந்தார். கரும்புக்காகத்தான் வடித்தார்கள். ஊரும் சேர்ந்து வடிந்தது.

காம்ப்டன் வீட்டுக்கு ஓடினேன். அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பளம் இல்லாமலா வர்றீங்கண்ணே?"

"என் கட்டிலும்தான் நனையுது, லீலோதி. நட, கடல் வத்திக் கிடக்கு."

மதகருகே என் கணவன் ஹர்தத் நின்றிருந்தான். கதவைத் தூக்கும் சக்கரத்தில் கைப்பிடி இல்லை.

"எந்தத் திருட்டுப்பய கழட்டினான்?" என்றார் காம்ப்டன். பிறகு ஹர்தத் பக்கம் திரும்பினார். "என்னடா ஊமையாயிட்ட? ஸ்ட்ரைக் அப்ப நான் மதகு திறக்க வந்தா, கம்பெனி நாயேன்னு அந்தக் கத்து கத்துன?"

ஹர்தத் கால்வாயைக் காட்டினான்.

"அதுல கிடக்குண்ணே. எஸ்டேட்டை மூடுன அன்னிக்கு நாங்கதான் கழட்டி வீசினோம். கம்பெனி இரும்புதானேன்னு..."

"கம்பெனிக்காரன் ஜார்ஜ்டவுன்ல மாடியில உக்காந்திருக்கான். நனையிறது உன் கோழிடா, மடையா."

ஹர்தத் சட்டையோடு குதித்தான். எழுந்தான். கையில் சேறு. மறுபடி மூழ்கினான். காம்ப்டனும் நானும் சக்கரத்தில் கடப்பாரையைக் கோத்து இழுத்தோம். வழுக்கியது. மறுபடி கோத்தோம். வெளிப்பக்கம் சேற்றில் நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு நண்டுகளைக் காணவில்லை. சேற்றையும் காணவில்லை.

"ஏறிடுச்சு," என்றார் காம்ப்டன். "இப்பத் திறந்தா கடல் உள்ள வரும்."

ஹர்தத் மறுபடி மூழ்கினான்.

வீட்டுக்கு ஓடினேன். கூடை கூடையாகக் குஞ்சுகளை மாடிக்கு ஏற்றிக் கட்டிலில் கொட்டினேன். கீழ்க்கூண்டைத் திறக்கும்போது பாதி மிதந்தன.

மாலையில் ஹர்தத் வந்தான். கைப்பிடியைப் பிள்ளையைப் போல அணைத்திருந்தான். கட்டிலைப் பார்த்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அடுத்து எப்ப வத்தும்?"

எனக்குத் தெரியாது. கடல் ஓரத்தில் பிறந்து வளர்ந்தும் நாங்கள் அதைத் தெரிந்துகொண்டதில்லை.

"காம்ப்டன் அண்ணனுக்குத் தெரியும். மதகுகிட்டயேதான் இருப்பாரு," என்றேன்.

அவன் கைப்பிடியோடு படி இறங்கினான். கடைசிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன.