தொண்ணூற்றாறா, முப்பத்தெட்டா

மூன்று கருவிகள் மூன்று அளவு சொன்னதில் ஆரம்பித்தது வானிலை நிலைய ஊழியர் கினாசியின் தலைவலி. டியெங் மலைச்சரிவில் காலையிலிருந்து பெய்த மழையை ராடார் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்றது. மழைமானி நாற்பத்தொன்று. துளிகளை லேசரால் அளக்க அவள் போன மாதம் பொருத்திய கருவி மட்டும் தொண்ணூற்றாறு என்றது.

"ரெண்டு ஒரே மாதிரி சொல்லுது, உன்னோடது மட்டும் துள்ளுது. சிலந்தி கூடு கட்டியிருக்கும், போய்த் துடை" என்றார் நிலைய அதிகாரி குனார்சோ. எல்லோருக்கும் அவர் 'பாக்', அதாவது ஐயா.

"துடைச்சாச்சு பாக். பெய்யறது பொடித்துளி. ராடாருக்குப் பெருந்துளிதான் நல்லாத் தெரியும்."

"அப்ப மழைமானிக்கும் கண்ணு தெரியலையா?"

அதைப் பார்க்க அவள் மோட்டார் சைக்கிளில் நனைந்தபடி சரிவில் ஏறினாள். மழைமானியின் புனல் வாயைச் சருகும் சேறும் அடைத்திருந்தன. நிரம்பிய தண்ணீர் விளிம்பு வழியே வெளியே வழிந்துகொண்டிருந்தது. படம் எடுத்தாள். துளியின் அளவு தெரிய, கொண்டுபோன மாவைத் தட்டில் பரப்பி நாலு விநாடி மழையில் காட்டினாள். துளி விழுந்த இடமெல்லாம் உருண்டை பிடித்தது. நிலையத்துக்குத் திரும்பி உலர்த்திச் சலித்தபோது அத்தனையும் ரவை அளவுதான்.

குனார்சோ சல்லடையை எட்டிப் பார்த்தார். "பொரிச்சுக் குடு, காப்பிக்குத் தொட்டுக்கலாம். படிவத்துல மாவுக்குக் கட்டம் இல்லம்மா."

நிலையத்திலிருந்து மண்சரிவு எச்சரிக்கை போகவில்லை. கினாசி வெளியே வந்து, சரிவின் கீழிருந்த ஊரின் தலைவி, எல்லோரும் மரியாதையாக 'பூ' என்றழைக்கும் சுமிராவைப் போனில் அழைத்தாள்.

"ஆபீஸ் சொல்லலை பூ. நானாத்தான் சொல்றேன், ஆளுங்களை நகர்த்துங்க."

"போன தடவையும் இப்படித்தான் கிளப்பினாங்க. ஒரு கல்லு உருளலை. என்னைத்தான் ஏசினாங்க."

"இந்த தடவை என்னை ஏசச் சொல்லுங்க."

சுமிரா அலுத்துக்கொண்டே போனை வைத்தாள். பிறகு, சரிவை ஒட்டிய பன்னிரண்டு வீட்டுக்காரர்களை மட்டும் முணுமுணுப்போடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை சரிவு பெயர்ந்து ஒன்பது வீடுகள் மண்ணுக்கடியில் போயின. வீடுகளில் ஆளில்லை.

அடுத்த வாரம் கினாசி பதிவேட்டைப் புரட்டினாள். அடைத்த மழைமானியின் அளவை நீக்கியிருந்தார்கள். அவளுடையது 'சோதனைக் கருவி' என்று தள்ளப்பட்டிருந்தது. மிச்சம் ராடாரின் முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டுக்கு மலை சரியுமா பாக்?"

"யாரும் சாகலையே. அப்புறம் என்ன?"

"அடுத்த வருஷம் இதை வச்சுத்தானே எச்சரிக்கை அளவை முடிவு பண்ணுவீங்க?"

அவர் பதிவேட்டை மூடினார். படங்களையும் மாவு உருண்டைகளின் அளவுகளையும் இணைத்து, அவள் தலைமையகத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் நான்கு கடிதம் போயிற்று. ஒன்றுக்குப் பதில் வந்தது: தங்கள் நிலைய அதிகாரி வழியாக அனுப்பவும்.